மச்சானுக்குப் பதிலாக ஓர் இரும்பு

தேன் எடுக்க மரமேறுகிறவனுக்குக் கீழே நின்று கயிறு பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்கப்போகிறவன் கையில் இன்றைக்கு உயிரை ஏன் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் புத்தி. மனைவியின் அண்ணன் என்றால் கையே பிய்ந்துபோனாலும் விட மாட்டான், கூடப்பிறந்தவள் தாலியறுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பானா என்பார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம் நாங்கள். மற்ற எல்லாவற்றிலும் சாமியார் சொல்வதைக் கேட்போம், கயிறு விஷயத்தில் மட்டும் இதுதான் எங்களுக்கு வேதம். என் தங்கையின் கணவருக்கு ஒன்பது வருடம் நான்தான் கயிறு பிடித்தேன். பத்தாவது வருடம் விட்டுவிட்டேன்.

நான் ஏறுகிறவனாக ஆகாமல் பிடிக்கிறவனாக ஆனதற்குக் காரணம் உண்டு. தேனீ கொட்டினால் என் உடம்பு தாங்காது. பத்து வயதில் புருவத்தில் ஒன்று கொட்டி, மூன்று நாள் என் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. தங்கை தெருப்பிள்ளைகளை எல்லாம் கூட்டிவந்து வேடிக்கை காட்டினாள். அதனால் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கீழே நிற்கிற வேலை எனக்கு. மற்ற நாட்களில் குட்டி யானை ஓட்டுகிறேன். அந்தச் சின்ன வண்டியில் சுற்றுப்பட்டு ஊர்களில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளைத் திண்டிவனத்துக்கு ஏற்றிப் போவேன். தினமும் லோடு கட்டி இழுக்கிற கை என்பதால் என் பிடி உடும்புப்பிடி என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மாப்பிள்ளை விழுந்தது பிரம்மதேசத்தைத் தாண்டி ஓர் ஏரிக்கரை இலுப்பை மரத்திலிருந்து. உயரத்தில் ஒரு பொந்துக்குள் தேன் இருந்தது. மாப்பிள்ளையின் இடுப்புக் கயிறு மேல்கிளை ஒன்றைச் சுற்றிக் கீழே என் கைக்கு வந்தது. பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை நான் பிடித்திருந்தேன். அவர் பொந்துக்கு நேராக வந்து, கால் இரண்டையும் மரத்தில் உதைத்துக்கொண்டு கயிற்றில் சாய்ந்தார். அதாவது மொத்த எடையையும் என்னிடம் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒரு லோடு விஷயமாகச் செய்தி வந்திருந்தது. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன் என்று நின்று படித்தேன். படித்ததோடு விட்டிருக்கலாம். பதில் எழுதுவதற்காக இன்னொரு கையையும் கொண்டுபோனேன்.

கயிறு ஓடிய சத்தம் கேட்டது. அப்புறம் அவர் விழுந்த சத்தம்.

குதிகால் எலும்பு நொறுங்கி, இடுப்பும் விரிசல் விட்டிருந்தது. உயிர் இருந்தது. மருத்துவமனை வாசலில் தங்கை ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, கண்ணில் தேனீ கொட்டிவிட்டது, கை தானாகப் போய்விட்டது என்றேன். பொய் சொல்லத் திட்டம் எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் ஒருவரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், லோடு அடித்தேன். முன்பெல்லாம் எதிரே ஒருவன் லைட்டை இறக்காமல் வந்தால் வண்டியை நிறுத்திச் சண்டை போடுகிற ஆள் நான். இப்போது அவன் பாட்டுக்குப் போனான், நான் பாட்டுக்குப் போனேன். நான் திருந்திவிட்டதாக என் மனைவி சந்தோஷப்பட்டாள். ஒருநாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்து, நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்ததைப் பார்த்த பிறகு அவளுக்குச் சந்தேகம் வந்தது. உடம்பு சரியில்லையா என்றாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அதுவும் பொய் இல்லை, எங்கேயும் வலி இல்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. மாப்பிள்ளை ஒரு கல்யாண மண்டபத்தில் காவலுக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றால் அந்தக் குதிகால் வீங்குகிறது, மரத்தில் உட்காருவதே சுகம், மறுபடி தேனுக்கு ஏறப்போகிறேன் என்று இந்த வருடம் ஈஸ்டர் முடிந்ததும் ஆரம்பித்தார். மருத்துவர் வேண்டாம் என்றார், தங்கை கத்திப் பார்த்தாள், அவர் கேட்பதாக இல்லை. கடைசியில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். செல்போன் டவரில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் ஏதோ மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். கயிற்றைக் கவ்விக்கொள்கிற இரும்பு. ஆள் ஏறும்போது கூடவே மேலே போகும், கால் தவறினால் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

"அவரு ஏறட்டும். ஆனா ஆளு புடிக்கிற கயித்துல இனிமே ஏற வேணாம், அந்த இரும்பு புடிக்கட்டும். நீயே போய்ப் பாத்து வாங்கிக்கினு வாண்ணா" என்றாள்.

என்னிடம் எதற்குச் சொல்கிறாள் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. சரி என்றேன்.

விழுப்புரத்தில் கட்டட வேலைக்காரர்களுக்கு ஹெல்மெட், பெல்ட் எல்லாம் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து மேஜையில் போட்டார். ஒன்றில் கைப்பிடியும் உள்ளே கூரான பற்களும் இருந்தன. இன்னொன்று அலுமினியம், கயிற்றை அழுத்துகிற நாக்கு வழவழப்பு, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. மூன்றாவது கனமான எஃகு, நாக்கில் குறுக்கே வரி வரியாக வெட்டு. எதை வாங்கலாம் என்று கேட்டேன். "எது வேணா எடுங்கண்ணே, எல்லாக் கயித்துக்கும் புடிக்கும்" என்றார்.

வண்டியிலிருந்து எங்கள் பழைய கயிற்றைக் கொண்டுவந்தேன். மரக்காணத்தில் படகுக்காரர்கள் வாங்குகிற இடத்தில் வாங்கிய தடித்த நைலான் கயிறு அது. மூன்றில் இரண்டுக்குள் அது நுழையவே இல்லை. நுழைந்த ஒன்றும் வாயை மூடவில்லை. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொன்றின் முதுகிலும் எத்தனை மில்லிமீட்டர் கயிறு என்று பொறித்திருந்தது. இத்தனை காலம் விற்கிறவர் அதை ஒருமுறைகூடப் படித்ததில்லை. அதன் பக்கத்திலேயே ஓர் அம்புக்குறியும் இருந்தது. அம்பு மேலே பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் கயிற்றில் ஓர் அலங்காரம், அவ்வளவுதான்.

அளவுக்கு ஏற்ற கயிறுகளை எடுக்கச் சொன்னேன். பரணுக்குக் கீழே போகிற இரும்புச் சட்டத்தில் கயிற்றைக் கட்டி, சிமெண்ட் மூட்டையை ஒவ்வொன்றிலும் மாட்டி விட்டுப் பார்த்தேன். மூன்றுமே பிடித்தன. கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். நான் பையிலிருந்து தேன்மெழுகு உருண்டையை எடுத்தேன்.

தேன் எடுக்கிறவர்களின் கயிறு சுத்தமாக இருக்காது. அடை உடைந்து மேலிருந்து வழியும், கையெல்லாம் மெழுகு, அந்தக் கையோடுதான் கயிற்றைத் தொட வேண்டும். டவர்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு முழம் கயிற்றில் மெழுகைத் தேய்த்து, கொண்டுபோயிருந்த தேனையும் கொஞ்சம் தடவினேன். எறும்பு வருங்க, காலங்காத்தால ஏன் பேஜாரு பண்றீங்க என்று அவர் புலம்பினார். புது மூட்டைக்கும் கயிற்றுக்கும் நான் பொறுப்பு என்றேன்.

பல் வைத்தது பிடித்தது, ஆனால் மூட்டை விழுந்த வேகத்தில் கயிற்றின் மேல்தோலைக் கிழித்துவிட்டது. நின்று நிதானமாக ஏறுவதற்கு உதவும், விழுகிறவனைப் பிடிப்பதற்கு உதவாது. வழவழ நாக்கு ஒரு சாண் வழுக்கிப் பிடித்தது, இரண்டாம் முறை இரண்டு சாண், மூன்றாம் முறை மூட்டை தரைக்கே வந்துவிட்டது. வரி வெட்டிய எஃகு நான்கு விரற்கடை இறங்கி நின்றது. இன்னும் மெழுகு பூசினேன். ஐந்து விரற்கடை. கடைக்காரர் ஓய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த எஃகையும், அதற்கான கயிற்றையும், தொடைக்கும் தோளுக்கும் பட்டை வைத்த பெல்ட்டையும் வாங்கினேன். கிழிந்த கயிறும் என் தலையில்தான் விழுந்தது.

பிரம்மதேசத்தில் தங்கை வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. நூலில் கல்லைக் கட்டிக் கிளைக்கு மேலே வீசி, அந்த நூலால் கயிற்றை மேலே இழுத்தோம். ஒரு முனையை அடிமரத்தில் கட்டினோம், தொங்குகிற முனையில் இரும்பை மாட்டினோம். அம்புக்குறியைத் தங்கை தன் நகப்பூச்சால் சிவப்பாக்கினாள். மண்மூட்டை கட்டி விட்டுப் பார்த்தோம், பிடித்தது. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே ஏறுகிறேன் என்று பெல்ட்டை எடுத்தார். தங்கை அதை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"நீ தொங்குண்ணா மொதல்ல."

மாட்டிக்கொண்டு ஏறினேன். இரும்பு என் நெஞ்சுக்கு நேராகக் கூடவே வந்தது. இரண்டு ஆள் உயரம் போனதும் கையை விடச் சொன்னாள். கிளையைப் பிடித்திருந்த கை வரவில்லை. கீழே விழுந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் விழுந்ததை ஒரு சத்தமாகத்தான் வைத்திருந்தேன். விடுண்ணா என்று மறுபடி சொன்னாள். விட்டேன். நான்கு விரற்கடை. அவ்வளவுதான், நின்றுவிட்டேன். ஆனால் அந்த நான்கு விரற்கடையில் அவர் விழுந்த முழு உயரத்தையும் நான் விழுந்தேன். இரண்டு வருடமாக வராத அழுகை, புளியமரத்தில் மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

"தேனீ கொட்டல" என்றேன். "போன் பாத்துக்கினு இருந்தேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தங்கை என்னையே பார்த்தாள்.

"தெரியும்ணா. ஆஸ்பத்திரி வாசல்லயே தெரியும். உன் கண்ணு வீங்கவே இல்லயே" என்றாள். "அதான் உன்னையே வாங்கிக்கினு வரச் சொன்னேன். வேற யாரு போனாலும் கடக்காரன் குடுத்தத வாங்கிக்கினு வந்திருப்பாங்க" என்றாள்.

இறங்கத் தெரியவில்லை. எடை மேலே இருக்கும்வரை இரும்பு விடாது. ஒரு காலைக் கிளையில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, நாக்கைத் திறக்கிற நெம்பை அழுத்து மச்சான் என்று மாப்பிள்ளை கீழிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கினார்.

அடுத்த வாரம் ஏரிக்கரைக்குப் போனோம். அதே இலுப்பை மரம், வெயில் ஏறாத நேரம். போனை வண்டியிலேயே வைத்துவிட்டேன், யாரும் சொல்லவில்லை. தங்கை கயிற்றை அடிமரத்தில் கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். சிவப்பு அம்பு மேலே பார்க்கிறதா என்று பார்த்தாள். மாப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டு, நொண்டிக் காலை முதலில் வைத்து ஏறினார். எனக்கு வேலை எதுவும் இல்லை. தேன் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு டின்னைக் கீழே வைத்துவிட்டு, தொங்குகிற முனையை இரண்டு கையாலும் பக்கவாட்டில் இறுக இழுத்துப் பிடித்துக்கொண்டேன். துண்டு விலகி ஒரு தேனீ காதோரம் வந்து உட்கார்ந்தது. கொட்டியது. காது எரிந்து, கண்வரைக்கும் இழுத்தது. அசையவில்லை.

மேலே மாப்பிள்ளை நின்றுவிட்டார். இரும்பு நகரவில்லை என்றார்.

தங்கை என் பக்கத்தில் வந்தாள். வீங்கத் தொடங்கியிருந்த என் முகத்தைப் பார்த்தாள். கயிற்றில் இறுகியிருந்த என் விரல்களின் மேல் கையை வைத்தாள்.

"நீ இழுத்துப் புடிச்சிக்கினு இருந்தா அவரு எப்பிடி ஏறுவாரு? விடுண்ணா, அது பாத்துக்கும்."

விட்டேன். யாரும் விழவில்லை.