முனிலட்சுமிக்கு வயது இருபத்துநாலு

ஓசூரிலிருந்து வரும் பஸ் கெலமங்கலத்தில் நிற்பதற்கு முன்பே முனிலட்சுமி எழுந்து படியருகே வந்துவிடுவாள். "உக்காரும்மா, ஊரு எங்கயும் ஓடிப்போவாது" என்பார் கண்டக்டர். ஊர் ஓடாதுதான். அவளால்தான் உட்கார முடியவில்லை.

பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வருவாள். வந்தவள் ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். கிணற்றடிக்குப் போவாள், கேழ்வரகுக் கொல்லைக்குப் போவாள், திரும்பி வந்து அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே களியைச் சாப்பிடுவாள். "உக்காந்து தின்னாத்தான் உடம்புல ஒட்டும்" என்று அவள் அம்மா மாதம்மாள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அப்பா கோவிந்தப்பன் பயிரிடும் கேழ்வரகில்தான் அவளுடைய பைத்தியம் தொடங்கியது. கதிர் நன்றாக வந்திருக்கும்; திடீரென்று அதன் கழுத்து கறுத்து ஒடிந்து தொங்கும்; உள்ளே மணி இருக்காது. குலைநோய் என்பார்கள். கிருஷ்ணகிரி மிஷன் பள்ளி விடுதியில் படித்தபோதும், பிறகு பெங்களூரில் எம்.எஸ்ஸி. முடித்தபோதும் அந்தக் கறுத்த கழுத்தே அவள் கண்ணுக்குள் நின்றது. அதை ஆராய அமெரிக்காவில் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே போக இவளிடம் வழி இல்லை.

வழி தேடி நாலைந்து வருஷம் அலைந்தாள். வாசகசாலையில் பத்திரிகைகளின் அறிவிப்புப் பக்கத்தைக் காலையிலேயே போய்ப் பிடித்துக்கொள்வாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் விலாசப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள். நின்றபடியே பார்த்து எழுதுவாள். சர்க்கார் உதவித்தொகைக்கு மனுப் போட்டால், மைசூர் ராஜ்யத்தில் படித்தவள் என்று சென்னையில் தள்ளினார்கள். சென்னை ராஜ்யத்துப் பெண் என்று மைசூரில் தள்ளினார்கள். இன்னொரு உதவித்தொகை ஆண்களுக்கு மட்டும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. வேறொன்றுக்கு ஜாமீன் போட ஒரு பெரிய மனிதர் வேண்டும். கோவிந்தப்பனுக்குத் தெரிந்த பெரிய மனிதர் விதை உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர்தான்.

கடைசியில் ஒரு வழி தெரிந்தது. அறிவிப்புகளின் பின்னால் ஓடுவதை விட்டாள். நெல்லில் இதே நோயைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்த அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருக்கு நேராகவே எழுதினாள். நுண்ணோக்கியில் தான் பார்த்த பூசணத்தை மையால் வரைந்து கூடவே அனுப்பினாள். பதில் வருமென்று நம்பவில்லை. பதில் வந்தது, கேள்விகளோடு வந்தது. அவள் பதில் எழுத, அவர் திரும்பக் கேட்க, ஒரு வருஷம் கழிந்தது. 1957 சித்திரையில் ஆய்வு உதவித்தொகை அவளுக்குத்தான் என்று எழுதினார்கள். கப்பல் செலவும் அவர்களுடையது. செப்டம்பரில் அங்கே இருக்க வேண்டும்; இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். முப்பது வயது தாண்டினால் பிறகு கேட்கவும் முடியாது. முனிலட்சுமிக்கு அப்போது இருபத்தொன்பது.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அதாவது, நடந்துகொண்டே இருந்தாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை அவள் வந்து இறங்கியபோது வீட்டில் புது எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டுச் சரசம்மா நடு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தேர் இழுத்து நிறுத்திய களை.

"வா கண்ணு. ஒனக்கு நல்ல காலம் பொறந்துட்டுது."

"பாஸ்போர்ட் வந்துருச்சா சின்னம்மா?"

"அது கெடக்குது. மாப்பிள்ள ஊட்டுலருந்து ஆளு வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டான்!"

அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் பெண் வீட்டுப் படி ஏறமாட்டார்கள். முகம் தெரியாத ஒருவன் வருவான். தண்ணீர் கேட்பான், வழி கேட்பான், பிறகு பக்கத்து வீட்டில் மெல்லப் பெண்ணைப் பற்றிக் கேட்பான். பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்கிறாளோ அதுதான் பெண்ணின் ஜாதகம். அதனால் பெண்ணைப் பெற்றவள் யாரிடம் பகைத்துக்கொண்டாலும் பக்கத்து வீட்டுக்காரியிடம் பகைத்துக்கொள்ளமாட்டாள்.

சரசம்மா நடந்ததைச் சொன்னாள். "வெள்ள வேட்டி, கையில கொடை. ஆளு மரியாதியா இருந்தான். கோவிந்தப்பன் மக எப்பிடின்னான். தங்கம்னேன். வயசு என்னான்னான். இருபத்துநாலுன்னேன்."

"சின்னம்மா!" முனிலட்சுமி மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"இரும்மா. கண்ணாடியப் பத்தி அவன் கேக்கவே இல்ல, நானே சொன்னேன், பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு, கண்ணாடியே தொட்டதில்லன்னு. அப்புறம் சீமைக்குப் படிக்கப் போவுதாமேன்னான். யாரோ பொறாமயில கோள் மூட்டியிருக்காங்க! நான் விடுவனா? அய்யோ, ஓசூரத் தாண்டித் தனியாப் போனதே இல்ல சாமின்னு அடிச்சிச் சொல்லிட்டேன்."

மாதம்மாள் சந்தோஷத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நானும் கேட்டேன், மாப்பிள்ளைக்கு என்னா வேலன்னு. ஆளு திருதிருன்னு முழிச்சான். அப்புறம் சர்க்கார் வேலன்னான்."

"எனக்கு மாப்பிள்ளையும் வேணாம், சர்க்காரும் வேணாம்" என்று சொல்லிவிட்டு முனிலட்சுமி கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அன்று அவளுக்கு அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை. யார் யாரோ வந்து விசாரித்துப்போவது அந்த வீட்டுக்குப் புதிதா என்ன?

ஆனி பிறந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பாஸ்போர்ட்டும் வரவில்லை. பம்பாயில் கப்பல் புறப்படும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. முனிலட்சுமி லீவு போட்டுவிட்டுச் சென்னையில் பாஸ்போர்ட் ஆபீசுக்கே நேரில் போய்க் கேட்டாள். அங்கிருந்த குமாஸ்தா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊரில் விசாரித்த பெண்ணும் நீங்களும் ஒத்துவரவில்லையே" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணகிரி தாண்டியதும் அவளுக்கு அந்த வெள்ளை வேட்டிக்காரனின் குடை ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

கெலமங்கலம் போலீஸ் ஸ்டேஷன் சுவர் ஆணியில் அந்தக் குடை தொங்கியது. அதன் கீழே ஏட்டு ஆரோக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். அவள் பெயரைச் சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார்.

"நான் விசாரிச்ச முனிலட்சுமிக்கு இருபத்துநாலு வயசு. கண்ணாடி கெடையாது. ஓசூரத் தாண்டினதில்ல."

"அது நான்தாங்க."

"அப்ப நீங்க யாரு?"

அவள் சிரிக்கவில்லை. சரசம்மா அவரை யாரென்று நினைத்தாள் என்பதைச் சொன்னாள். ஏட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மஃப்டியில போனா ஜனங்க பயப்படாம பேசுவாங்கன்னு போனேன். அந்தம்மா மாப்பிள்ள என்னா வேலைன்னு கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். சர்க்கார் வேலன்னு என்னப் பத்திச் சொல்லி வச்சேன்."

"பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல பிறந்த தேதி இருக்குதே?"

"இருக்குது. அந்த சர்டிபிகேட்டுப் பொண்ணு நீங்கதான்னு ஊரு சொல்லணுமே? சொன்ன வாயே மாத்திச் சொன்னா எழுதி அனுப்பறேன். பெத்தவங்க சொல்றது செல்லாது. சந்தை அன்னிக்கு அந்தப் பக்கம் வர்றேன். அதுக்குமேல என் கையில இல்ல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வெடித்தாள். மாதம்மாள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் சரசாகிட்ட சொல்லி வச்சேன், யாரு கேட்டாலும் இருபத்துநாலுன்னு சொல்லுன்னு. வயசக் கொறச்சிச் சொல்லாத தாயி எங்க இருக்கறா?"

"ஏட்டு வர்றப்ப உண்மையச் சொல்லச் சொல்லும்மா."

"சொன்னா ஊரு பூரா தெரிஞ்சிடும். ராயக்கோட்டை சென்றாயன் ஊட்டுல இன்னும் ஒரு பேச்சு நடந்துக்கினு இருக்குது. அதுவும் போயிடும். நீ கப்பல் ஏறிடுவ. எனக்கு என்னா மிச்சம்?"

முனிலட்சுமி பக்கத்து வீட்டுக்குப் போனாள். சரசம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முறம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகப் புடைக்க ஆரம்பித்தாள்.

"போலீசுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆனா சொன்னது சொன்னதுதான். மாத்தமாட்டேன்."

"ஏன் சின்னம்மா?"

"நீயும் எங்க எல்லப்பனும் ஒரே வாரத்துல பொறந்தவங்க. அது ஊருக்கே தெரியும். தளியில பாத்திருக்கற பொண்ணு ஊட்டுல எல்லப்பனுக்கு இருபத்தஞ்சுன்னு சொல்லியிருக்கேன். ஒனக்கு இருபத்தொம்பதுன்னா அவனுக்கு என்னாவாம்?"

அவள் மகன் எல்லப்பன் உள்ளேயிருந்து, "நான் வேணும்னா முனிலட்சுமியோட கூடவே கப்பல் ஏறிடறேன்" என்றான்.

"நீ சும்மா கெட, இருபத்தஞ்சு!" என்றாள் சரசம்மா.

சந்தை அன்று ஏட்டு வந்தார். இந்தத் தடவை காக்கியில், குடையோடு. கோவிந்தப்பன் கயிற்றுக்கட்டிலை வாசலில் போட்டார். சந்தைக்குப் போகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாதம்மாள் காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்காக வாங்கிய புது டம்ளரில். முனிலட்சுமி வேப்பமரத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சரசம்மாவைக் கூப்பிட்டு ஏட்டு கேட்டார். "அம்மா, இந்தப் பொண்ணுக்கு நெஜமா வயசு என்னா?"

சரசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் தளிக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தாள். "நான் என்னாத்தக் கண்டேன். மறந்துபோச்சி" என்றாள்.

ஏட்டு பேனாவை மூடப் போனார். முனிலட்சுமி நடப்பதை நிறுத்தினாள். அந்த வீட்டு வாசலில் அவள் அப்படி அசையாமல் நின்றதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. மாதம்மாளும் பார்த்தாள்.

"நான் சொல்றேன் சாமி" என்றாள் மாதம்மாள்.

"பெத்தவங்க சொல்றது செல்லாதுன்னு..."

"கேட்டுத்தான் வையுங்களேன். பிளேக்கு வந்து ஊரக் காலி பண்ணிக்கினு தோப்புல குடிசை போட்ட வருஷம் பொறந்தவ இவ. இருபத்தொம்பது முடியப் போவுது. சரசாவ எதுக்குக் கேக்கறீங்க? அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு அவ அங்க இல்ல. மருத்துவச்சி வரல, குடிசைக்குள்ள நான் மட்டும் தனியாக் கெடந்து பெத்தேன்."

சரசம்மாவின் தலை நிமிர்ந்தது.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அக்கா, வாய் கூசாம சொல்றியே! எனக்கும் நெறமாசம். வயித்தத் தள்ளிக்கினு உன் தலமாட்டுல வந்து ஒக்காந்தது யாரு? என் கையக் கடிச்சி வச்சியே, பாரு, தழும்பு கூடப் போவல!" கையை ஏட்டின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இவள நான்தான் சாமி கையில வாங்கினேன். அது ஆயி மூணாம் நாளு, அதே குடிசையில எனக்கு எல்லப்பன் பொறந்தான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கூட்டத்தில் ஒருவன் கொல்லென்று சிரித்தான். எல்லப்பன் சந்தைக் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "தளிக்கு இனிமே பஸ்ஸு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சரசம்மா கன்னடத்தில் நீளமாக எதையோ முணுமுணுத்தாள். மாதம்மாளைப் பார்க்கவே இல்லை. மாதம்மாள் அவள் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவினாள். சரசம்மா கையைப் பிடுங்கிக்கொள்ளவும் இல்லை.

ஏட்டு எல்லாவற்றையும் எழுதினார். கண்ணாடி, எம்.எஸ்ஸி., பெங்களூர். சரசம்மாவின் கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினார். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். "புதுசா?" என்றார். மாதம்மாள் டம்ளரை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

போகும்போது குடையை விரித்தவர், கேட்கவேண்டும் என்றில்லாமல் சும்மா கேட்டார். "பொண்ணு படிச்சி முடிச்சிட்டுத் திரும்பி வந்துடுமில்ல?"

மாதம்மாள் சரசம்மாவைப் பார்த்தாள். சரியான பதில் என்ன என்று இருவருக்கும் தெரியும். இத்தனை வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் அப்படிப்பட்ட பதில்களைத்தான் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

"அத மட்டும் என்னக் கேக்காதீங்க சாமி" என்றாள் சரசம்மா. "இன்னிக்கி நான் பொய் சொல்ற நெலமையில இல்ல."

முனிலட்சுமி அதற்குள் வாசலில் இல்லை. உள்ளே பரண்மேல் ஏறி, டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கும் சத்தம் கேட்டது.