வானம் நன்றாக இருக்கிறது

பேத்தி அடுத்த வாரம் சிநேகிதிகளோடு மலைக்குப் போகிறாள். கைபேசியில் மூன்று இடங்களில் வானிலை பார்த்தாள். ஒன்று மழை என்றது, ஒன்று வெயில் என்றது, மூன்றாவது நாற்பது சதவீதம் என்றது. நாற்பது சதவீத மழையில் எப்படி நனைவது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை வண்டி மாற வேண்டும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு, பாதை அடைத்துவிட்டால் எங்கே தங்குவது என்று பதினான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். படிக்க மாட்டாள்.

எனக்கு ஒன்பது வயதில் நாங்களும் ஒரு மலைக்குப் போனோம். அதற்கு வானிலை சொன்னது ஒரு தபால்.

அக்காவைச் செங்கோட்டைக்கு அப்பால், மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் அத்தானுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். ஏழாம் மாதத்துக்குள் அவளைக் கோவில்பட்டிப் பக்கத்து எங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சியைப் பயணம் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எட்டாம் மாதம் பிறக்க இருபத்திரண்டு நாள் இருந்தது. மலையிலோ மழை எந்த நாள் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிடித்தால் மண் சரிந்து பாதை அடைத்துக்கொள்ளும். தோட்டத்து லாரி சனிக்கிழமை மேலே ஏறும், திங்கட்கிழமை கீழே இறங்கும். அதை விட்டால் வேறு வண்டி கிடையாது.

அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். திட்டத்தை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினார். ஊரிலிருந்து பஸ் நிற்கும் விலக்கு வரை மாட்டுவண்டி, அங்கிருந்து கோவில்பட்டிக்கு ஒரு பஸ், கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு ஒன்று, மலையடிவாரத்துக்கு ஒன்று, பிறகு லாரி. மொத்தம் ஐந்து. புறப்பாடு இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை. அத்தானுக்கும் அப்படியே எழுதிவிட்டார். பதில் ஒரு புதன்கிழமை வந்தது. அம்மா அடுப்படியில் வேலையாக இருந்ததால் நான்தான் உரக்க வாசித்தேன். பதினொரு வரி. நாலாவது வரி, ‘இங்கே வானம் நன்றாக இருக்கிறது.’

அப்பா தபாலை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒரு தடவை படித்தார். பிறகு கட்டம் போட்ட தாளில் தேதியை அடித்தார்.

“இந்தச் சனிக்கிழமையே போறோம்.”

“அதான் வானம் நல்லாருக்குன்னு எழுதியிருக்காவளே. பெறவு ஏன் பறக்கீங்க?” என்றாள் அம்மா.

“நம்மூர்ல வானம் நல்லாருக்குன்னு எப்பச் சொல்லுவோம்?”

அம்மா கரண்டியோடு நின்று யோசித்தாள். “கறுத்துத் திரண்டு வந்தாச் சொல்லுவோம்.”

“அங்கன கறுத்திட்டுதுன்னா லாரி எறங்குமா?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பலகாரத்துக்கு மாவு இடிக்கப் போய்விட்டாள். வருஷத்தில் பாதி நாள் மேகத்தைத் தேடி அண்ணாந்து பார்க்கிற கரிசல்காட்டில், வெளுத்துக் கிடக்கும் வானத்தை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. எனக்கும் அது சரியாகவே பட்டது.

சனிக்கிழமை விடியற்காலையில் அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம். சாமான்களை எண்ணுவது என் பொறுப்பு. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பலகாரக் கூடை, ஒரு கூஜா, மூன்று குடை, ஒரு தார்ப்பாய், ஒரு வடக்கயிறு. ஒன்பது உருப்படி. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறியபின் எண்ணினேன், இறங்கியபின் எண்ணினேன். அடிவாரத்தில் லாரி டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணாச்சி, மேல கடை போடப் போறீங்களா?”

“மழைக்கு” என்றார் அப்பா.

டிரைவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. மரியாதைக்காகச் சிரிக்காமல் வண்டியை எடுத்தார். மலையில் நாற்பத்தொரு வளைவு. அப்பாவிடம் சொன்னேன். “சரி” என்றார், பாதையைப் பார்த்தபடியே.

அத்தான் எங்களைக் கண்டதும் பதறிவிட்டார். “மாமா, அடுத்த வாரம்னுல்லா எழுதியிருந்தீங்க? யாருக்கும் ஒண்ணுமில்லயே?”

“வானம் நல்லாருக்குன்னு எழுதியிருந்தீங்களே மாப்ளே.”

“ஆமா மாமா. நல்லாத்தான இருக்கு?”

இருவரும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். துடைத்துவைத்த மாதிரி நீலம். அதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா குடைகளைக் கீழே வைத்துவிட்டு, “சாப்பிட்டியாம்மா?” என்றார். பகல் மூன்றரை மணிக்குக் கேட்கிற கேள்வியா அது என்று நினைத்தேன்.

இரண்டு நாளும் ஒரு தூறல்கூட இல்லை. திங்கட்கிழமை புறப்படும்போது குடைகளையும் தார்ப்பாயையும் கயிற்றையும் அப்பா அத்தானிடமே கொடுத்துவிட்டார். இங்கேதான் மழைக்கு ஆகும், நமக்கு எதற்கு என்றார். அக்காவின் சாமான் மூன்று சேர்ந்து ஏழு உருப்படி. இறங்கும்போது எண்ணினால் வளைவு நாற்பதுதான் வந்தது. அது இன்றுவரை எனக்கு உறுத்தல்.

சாயங்காலம் விலக்கில் இறங்கினோம். சித்தப்பா கூண்டுவண்டியோடு காத்திருந்தார். ஊருக்கு மூன்று மைல். பாதித் தூரம் தாண்டியிருப்போம், கோடை மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மாதமாக எட்டிப் பார்க்காத மழை. கால் மணி நேரத்தில் பாதை களியாகிவிட்டது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பி அப்பி, ஆரக்கால்களே தெரியாமல் வண்டி நின்றுவிட்டது. கூண்டுக்குள் அம்மா, அக்கா, நான். வெளியே அப்பாவும் சித்தப்பாவும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

“அண்ணே, மலைக்கு வடக்கயிறு கொண்டு போனீங்களே, அது எங்க?”

“மலையில.”

“குடை?”

“அதுவும்.”

“தார்ப்பாயி?”

அப்பா சக்கரத்து மண்ணைக் கம்பால் சுரண்டினார். அம்மா அக்காவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஆட்டாதீங்க, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது அக்கா கூண்டுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“எப்பா, வானம் நல்லாருக்குப்பா.”

அப்பா சிரித்தார். முட்டளவு சேற்றில், கையில் கம்போடு, வாய் திறந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு நூறடிக்கு ஒரு தரம் நிறுத்திச் சுரண்டி, நூறடிக்கு ஒரு தரம் தள்ளி, வீடு வந்து சேர்ந்தோம். பதினேழு தடவை சுரண்டினார்கள். அக்காவுக்கு ஒரு குலுக்கலும் ஆகவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமையே மலையில் மழை பிடித்துவிட்டது. முதலில் போட்ட திட்டப்படி நாங்கள் ஏறியிருக்க வேண்டிய சனிக்கிழமை லாரி ஓடவில்லை. பாதை திறக்க மூன்று வாரம் ஆனது. தெருவே அப்பாவைப் புகழ்ந்தது. ஒரு சொல்லை வைத்தே மழையைக் கண்டுபிடித்துவிட்டாரே வாத்தியார் என்றார்கள். அப்பா மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

நானும் அப்படித்தான் நம்பினேன், பல வருஷம். ஆனால் அத்தானின் தபாலை வாசித்தவன் நான். ஐந்தாவது வரி, ‘துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது.’ ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரிக்கு வரி அர்த்தம் சொல்லிக்கொடுத்தவர் நாலாவது வரியோடு நிறுத்தியிருக்க மாட்டார். ஒன்பதாவது வரியும் நினைவிருக்கிறது. ‘உங்கள் மகள் சாயங்காலமானால் வாசலில் நின்று லாரி வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.’

அதையும் நான் பிழையில்லாமல்தான் வாசித்தேன். வாசித்து முடித்து, மொத்தம் பதினொரு வரி என்று அம்மாவிடம் சொன்னேன்.