எலுமிச்சை பட்ட சிவப்பு

"ஒதட்டுல பூசற சாயத்துக்கும் ஒரு காலேஜாம்மா? அதான் வளையல் கடையிலயே விக்குதே" என்று பெரியப்பா கேட்டபோது, வேதியியல் படிப்பில் சேர்வதற்கான விண்ணப்பம் என் கையில் இருந்தது. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அவருக்குப் பதில் சொல்வதென்றால், அத்தையைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கையை மூன்று பேர் பார்த்துவிட்டு, பெண் கறுப்பு என்று போய்விட்டார்கள். நான்காவதாகத் தியாகதுருகத்திலிருந்து, கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர் வருவதாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம், பெண் பிடித்தால்தான் வந்தவர்கள் கை நனைப்பார்கள்; இல்லையென்றால் ஒரு வாய் ஜூஸ்கூடக் குடிக்க மாட்டார்கள். இவர்களும் நனைக்காமல் போனால் இனி யார் வருவார்கள் என்று அம்மா அடுப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு உதட்டுச் சாயம் மட்டும்தான் குறை என்று நான் முடிவு செய்தேன். கடைச் சாயத்துக்கு வழியில்லை. ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ரத்தச் சிவப்பு வருமென்று ஆரத்தித் தட்டில் பார்த்திருந்தேன். விடிந்ததிலிருந்து கொட்டாங்குச்சியில் மஞ்சள்தூளும் துளி சுண்ணாம்பும் தேங்காயெண்ணெயும் குழைத்தேன். ஒன்று ஜாஸ்தியாகும், இன்னொன்றைச் சேர்ப்பேன். விரலால் தீட்டியபோது, "எரியுதுடி" என்றாள் அத்தை. ஆனாலும் உதட்டைக் குவித்தே வைத்திருந்தாள்.

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். எலுமிச்சம்பழ ஜூஸில் சர்க்கரை சரியா என்று அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கினார். அத்தையை நிமிர்ந்து பார்த்தவர், குடிக்காமல் கீழே வைத்தார்.

"இன்னாங்க, பொண்ணுக்கு ஒதடு மஞ்சளா கீது? காமால கீமால வந்துச்சா?"

நான் நடுவில் போய் நின்றேன். "நான்தாங்க பூசனேன். செவப்பாத்தான் பூசனேன்."

சாட்சிக்குக் கொட்டாங்குச்சியை நீட்டினேன். அதில் சாயம் நல்ல சிவப்பாக இருந்தது. அதனால் நிலைமை இன்னும் மோசமானது: சிவப்பு பூசியும் உதடு மஞ்சளென்றால் காமாலையேதான்.

மாப்பிள்ளை மட்டும் அதை வாங்கி, அத்தையின் உதட்டையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் ஜூஸில் கொஞ்சம் அதற்குள் ஊற்றினார். சிவப்பு மஞ்சளானது. அவருடைய அம்மா சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து அதில் தேய்த்தார். மறுபடியும் சிவந்தது.

"ஏ குட்டி, இது ஏன் இப்டி ஆவுது?" என்றார் அந்த அம்மா.

"தெரியாதுங்க."

"செஞ்சவளுக்கே தெரிலயாம்" என்று சிரித்துவிட்டு, கீழே வைத்த டம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தார்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன். "மஞ்சளானது ஒனக்குத் தெரியலயா?"

"ஜூஸ் குடிச்சப்பவே டம்ளர் வெளிம்புல மஞ்சளா ஒட்டினத பாத்தேனே."

"அப்ப ஏன் தொடைக்கல?"

"காலைலேந்து நீ கொழைச்சிக்கினு இருந்தியே."

அத்தைக்கு விவரம் போதாது என்றுதான் அன்று நினைத்தேன். புளிப்புப் பட்டதும் அந்தச் சிவப்பு ஏன் மஞ்சளாகிறது என்பதைப் பதினோராம் வகுப்பில் தெரிந்துகொண்டேன். வேண்டாம் என்ற சொல்லை மூன்று முறை கேட்ட ஒருத்தி, நான்காம் முறையும் அதைக் கேட்கத் துணிந்து, ஒரு சிறுமி பூசிய சாயத்தை ஏன் துடைக்காமல் போனாள் என்பதைத் தெரிந்துகொள்ள இன்னும் சில வருடங்கள் ஆயின.

போன மாதம் புதுச்சேரியில், உதட்டுச் சாயம் செய்கிற ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இரும்பு ஆக்சைடு சிவப்பை ஆமணக்கெண்ணெயில் அரைத்து, தேன்மெழுகு உருக்கி, என் கையால் வார்த்த முதல் சாயக்குச்சியால் ஒரு கீற்றைக் கையில் தீட்டி எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன். நிறம் மாறவில்லை. எரியவும் இல்லை. அதைத் தியாகதுருகத்தில் இருக்கும் அத்தைக்கு நேற்றே அனுப்பிவிட்டேன்.