வலது கால் செருப்பு

பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒற்றை ரப்பர் செருப்பு. ஹெவ்லொக் டவுனுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கியபோது, சிப்பாய் என் பையிலிருந்து அதைத்தான் வெளியே எடுத்தான். திருப்பிப் பார்த்தான், அடியைத் தட்டினான். "மேக்க மொகடத?" எதற்கு இது என்று கேட்டான். ஊன்றுகோலில் நின்ற அண்ணன் சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வலது முழங்காலுக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினார். அதன் பிறகுதான் சிப்பாயின் பார்வை இன்னும் கடுமையானது. இல்லாத காலுக்குச் செருப்பு எதற்கு?

கொண்டுவரச் சொன்னவர் டொக்டர் மிஸ். கை கால் இழந்தவர்கள் வந்துபோகும் அந்தப் பழைய பங்களாவில், மனத்தைச் சரிசெய்வது அவருடைய வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். வெட்டி எடுத்த காலில் ஏன் வலி நிற்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார் என்றார்கள். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் பொலிஸ்காரர்கள்தான். காயப்பட்ட இராணுவத்தினரும் அந்தப் பங்களாவுக்கு வந்தார்கள். மிஸ் அவர்களோடு சிங்களத்தில் சிரித்துக் கதைத்துவிட்டு, அதே சிரிப்போடு எங்களிடம் தமிழில் திரும்புவார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மருந்து குடுக்காத டொக்டருக்கு இவ்வளவு கேள்வி என்னத்துக்கு?" என்பார்.

பயப்பட எங்களுக்குக் காரணம் இருந்தது. அண்ணன் கோட்டைப் பக்கத்தில் ஒரு கடையின் ஸ்டோரில் வேலை செய்தவர். அருகில் குண்டு வெடித்து, ஸ்டோரின் சுவர் அவர் காலில் விழுந்தது. குண்டு வெடித்த இடத்தில் அகப்பட்ட தமிழ்ப் பொடியனுக்கு, காயத்துக்குக் கட்டுப் போடமுன் கையில் விலங்கு விழும் என்பது துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்குத் தெரியும். ஆகவே வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மருதானையில் லொறி ஏறிவிட்டது என்று எழுதவைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள்ளும் அது லொறிதான். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் என்பதால், போகிற இடமெல்லாம் அந்தக் கதையைப் பிழையில்லாமல் சொல்வது என் பொறுப்பு.

டொக்டர் மிஸ்ஸிடமும் சொன்னேன். பேவ்மெண்டால் இறங்கும்போது லொறி வந்தது என்றேன். அவர் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப அந்தக் கால் எப்பிடி நிக்குது?" என்று கேட்டார். அண்ணன் கண்ணை மூடி, விரல்கள் ஊன்றி குதி மேலே நிற்பதாகவும், கெண்டைச் சதை முறுக்கிப் பிடிப்பதாகவும் சொன்னார். மிஸ் சொன்னார்: "பேவ்மெண்டால இறங்கின கால் இப்பிடி நுனியில நிக்காது, தம்பி."

வாசல் பெஞ்சில் தன் முறைக்காக ஒரு இராணுவக்காரன் இருந்தான். கதவு திறந்திருந்தது. அடுத்த முறை அந்தக் காலின் செருப்பையும் கொண்டு வாங்கோ என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அப்பா கொதித்தார். "இல்லாத காலையே சாட்சிக்குக் கூப்பிடுறாடா அவ! இனி அந்தப் பக்கம் போகவேணாம்." கோயிலுக்கு வரும் ஒரு மாமா, செருப்பு அடியில் உள்ள மண்ணை வைத்தே ஆள் எந்த ஊரில் திரிந்தான் என்று கண்டுபிடிப்பார்களாம் என்றார். அம்மா உடனே செருப்பைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஆனால் வலி இந்த யோசனைகளுக்கு அடங்கவில்லை. அண்ணன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு, இல்லாத காலைப் பிடிக்கக் குனிந்து, வெறும் நிலத்தைப் பிடிப்பார். ஒருநாள் அவரே சொன்னார்: "பிடிச்சா பிடிக்கட்டும். இத விட ஜெயில் நல்லம். வா மல்லி, போவம்." தம்பி என்பதை அவர் சிங்களத்தில் மல்லி என்றுதான் சொல்வார்.

அப்படிப் புறப்பட்டு, சிப்பாய் கடைசியில் போகவிட்டதும், சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். அறைக்குள் போனதும் அண்ணன் வாயைத் திறந்தார். "மிஸ், அது லொறி இல்ல..." மிஸ் கையை உயர்த்தித் தடுத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எங்க நடந்ததெண்டு எனக்கு வேண்டாம். ஆர் செய்ததெண்டும் வேண்டாம். கால் என்ன செய்துகொண்டு நிண்டது? அதை மட்டும் சொல்லுங்கோ."

"எட்டிட்டு இருந்திச்சு."

"எதை?"

"மேல் தட்டுல ஒரு பெட்டி. அத இறக்கத்தான்."

மிஸ் நிலத்தில் குந்தி, செருப்பை வலது கால் இருந்திருக்கவேண்டிய இடத்தில் வைத்தார். "அப்ப அந்தப் பெட்டியை இண்டைக்கு இறக்கி வைப்பம்." அண்ணன் கதிரையில் இருந்தபடி இடது குதியை எழுப்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். பாரமான எதையோ பிடித்தவர்போல, செருப்பைப் பார்த்துக்கொண்டே, மெல்ல மெல்ல மடிவரை கொண்டுவந்தார். இடது குதி நிலத்தில் பட்டது. "மற்றதும்," என்றார் மிஸ். அண்ணனின் சேர்ட் நனைந்துவிட்டது. பிறகு பெருமூச்சு விட்டு, "வச்சிட்டன்" என்றார். வலி ஒரேயடியாகப் போகவில்லை. பெட்டியைப் பலமுறை இறக்கவேண்டியிருந்தது. ஆனாலும் அன்று வீட்டில் அவர் குனியாமல் சோற்றை முடித்தார்.

சில மாதங்களுக்குப் பிறகு சிவில் உடுப்பில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வந்தவர் ஊன்றுகோலைக் காட்டி, "லொறி எக்சிடன்ட் நேத?" லொறி விபத்து அல்லவா என்று கேட்டார். லொறிதானே! ஓம் என்றோம், போய்விட்டார். கதவைச் சாத்தியதும் அப்பா சொன்னார்: "சொல்லாம வச்சிருக்கா. எப்ப சொல்லுவாளோ!" கடைசிவரை அவர் அந்த மிஸ்ஸை நம்பவில்லை.

இன்று அதே துறையில் பயிற்சி பெற்று, அதேபோன்ற ஓர் அறையில் நான் இருக்கிறேன். சண்டை இன்னும் முடியவில்லை. போன கிழமை வெள்ளவத்தையில் லொட்ஜில் தங்கியிருக்கும் ஒரு தாய், காலிழந்த மகனோடு வந்தார். நான் கேட்டிருந்தபடி செருப்பைக் கொண்டு வந்திருந்தார், ஆனால் பையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "இதை ஆருக்குக் காட்டப் போறியள், தம்பி?"

எங்க நடந்தது என்று எனக்கு வேண்டாம் அம்மா என்றேன். அவர் திறந்திருந்த வாசலைப் பார்த்தார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தபோது, அவர் சாத்திய கதவைப் பார்த்தபடி, பையை இரண்டு கைகளாலும் முன்னைவிட இறுக்கிப் பிடித்திருந்தார்.