தேசிக்காயில் ஏறாத கார்

என் தங்கையின் கணவரிடம் ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. எட்டு சிலிண்டர், நீண்ட முகம், தானியங்கிக் கியர். அத்தகைய காருக்குக் கையால் மாற்றும் கியரே அழகு என்று எங்கள் வட்டத்தில் சிலர் அவரைப் பகடி பண்ணுவதுண்டு. அவருடைய இடது முழங்காலில் போர்க்காலக் காயம் இருந்தமையால் கிளச் மிதிக்க இயலாது. ஆகவே ஓட்டம் முழுவதையும் வலது பாதம் ஒன்றே சுமந்தது.

அப்பாதம் மரத்துப்போயிருந்ததை ஒரு பெப்ரவரியில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் இக்குளிர்நாட்டின் ஹொல்ம்லியா புகையிரத நிலையத்தருகே நான் கண்டுகொண்டேன். பனியில் அவருடைய வலது சப்பாத்து கழன்று கிடந்தது. அவரோ அதை உணராமல், காலுறையோடு ஏழெட்டு அடி நடந்து, என்னோடு கதைத்தபடியே போனார். நீரிழிவு அவருக்கு நெடுநாளாக உண்டு. சப்பாத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"லேஸ் இறுக்கிக் கட்டேல்லை, மச்சான்," என்றார்.

"ஓம். புதையிற பனிதானே," என்றேன்.

ஒருவருடைய நோயை அவர் வாய் திறக்குமுன் பிறர் உரைப்பது எங்களிடையே மரியாதையன்று. தங்கையின் கணவர் என்றால் கூச்சம் இன்னும் ஒரு படி அதிகம். வைத்தியர் அறிந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் போய்விடும். ஓய்வு பெற்றபின் அவருக்கு எஞ்சியிருந்த மகிழ்ச்சி அந்தக் கார் மட்டுமே. இவ்வாறெல்லாம் எண்ணி நான் வாய் மூடியிருந்தேன்.

வசந்தம் பிறந்ததும், ஹவுகெட்டோவில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த கராஜில், காரின் வலுவைக் கூட்ட எவற்றைப் பூட்டுவது என்று இருவரும் ஆராய்ந்தோம். நான் பேருந்துத் திருத்தகத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன். என் சொல்லுக்கு அவரிடம் மதிப்பு இருந்தது.

"முதல் பிரேக்கைப் பாப்பம். பெரிய தட்டுப் போடுவம்," என்றேன்.

"நீர் இன்னும் பஸ்ஸுக்குள்ளைதான் நிக்கிறீர். இது பஸ் இல்லை, மச்சான்."

"நிக்கத் தெரியாத வாகனம் ஓடி என்ன?"

"நிக்கிறதுக்கெண்டால் நான் ஒரு கதிரை வாங்கியிருப்பனே!"

அவர் மனம் டோர்க் கொன்வேர்ட்டரில் நின்றது. இயந்திரத்தின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் உறுப்பு அது. அவர் விரும்பிய வகை, இயந்திரம் விரைந்து சுழன்ற பிறகே இறுகப் பற்றும். பற்றியதும் கார் பாயும். சாதாரண தானியங்கிக் கியர்க் கார், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே மெல்ல ஊர்ந்து செல்லும். இதைப் பூட்டினால் அந்த ஊர்தல் குன்றிவிடும். அதை நான் அறிவேன். எனினும் பிரேக் என் விருப்பம், கொன்வேர்ட்டர் அவர் விருப்பம் என்று உடன்பட்டோம். பெரிய பிரேக் அவரைக் காக்கும் என நம்பினேன். அதை மிதிக்கவும் அதே பாதம் வேண்டுமென்பதை எண்ணாது விட்டேன்.

வேலை முடிந்ததும் காரைக் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனோம். ஐயர் தீபம் காட்டினார். தங்கை நான்கு சக்கரங்களின் முன்னும், நசுக்கிச் செல்வதற்கான எலுமிச்சையை, எங்கள் வழக்கில் தேசிக்காயை, வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, மெல்ல விடுங்கோ."

அவர் பிரேக்கைத் தளர்த்தினார். முன்னெல்லாம் தானாகவே தேசிக்காயை நசுக்கி நகர்ந்த கார், அன்று அசையாமல் நின்றது.

"பிள்ளையாருக்கு உங்களை அனுப்ப மனமில்லைப் போலை," என்று ஐயர் சிரித்தார்.

"காய் கல்லு மாதிரி. கொஞ்சம் தள்ளி வைக்கிறன்," என்று தங்கை காரின் முன்னே குனிந்தாள்.

நீண்ட முகப்பு அவளை மறைத்தது. உள்ளேயிருந்தவர் அவளைக் காணவுமில்லை, கேட்கவுமில்லை; முடுக்கியை மிதித்தார். இயந்திரம் உறுமியது.

"மச்சான், காலை எடும்!" என்று கத்தினேன்.

கார் பாய்ந்து தங்கையை எதிரேயிருந்த கோயில் மதிலோடு நெருக்கியது.

அவளுடைய இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கையில், வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் அவர் தம் வலது பாதத்தையே பார்த்திருந்தார்.

"காலை எடுத்தனான் எண்டுதான் நினைச்சன், மச்சான்."

"உமக்குக் கால் விறைச்சது எனக்குத் தெரியும். சப்பாத்துக் கழண்ட அண்டைக்கே தெரியும்."

அவர் பாதத்திலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்தார். பின்னர், "தெரிஞ்சு கொண்டோ எனக்குப் பிரேக் தட்டுத் தெரிவுசெய்து தந்தனீர்?" என்று கேட்டார்.



தம் காலைப் பற்றி வைத்தியரிடம் அவரே சொன்னார். அனுமதிப்பத்திரம் போயிற்று, காரும் போயிற்று. தங்கை இப்போது வீட்டினுள்ளேயே உருளும் தாங்கியைப் பிடித்து நடக்கிறாள். ஞாயிறுதோறும் நான் அங்கே செல்கிறேன்.

"இவருக்குக் கவனம் காணாது, அண்ணை. கால் இப்பிடியெண்டு ஒருத்தருக்கும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே," என்று அவள் என்னிடம் முறையிடுவாள்.

அவர் என் முகத்தை ஒருகணம் பார்ப்பார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்தபடி, எனக்குத் தேநீர் போடச் செல்வார். அவளிடம் அவர் இன்றுவரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.