காட்டில் அப்பாவுக்கு வைத்த சோறு

இந்த நாட்டில் காட்டுக்குள் படுத்து எழுந்திருக்கப் படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை பேர், எத்தனை கூடாரம், கார் எண் என்ன, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் எண் போட்ட ஓர் இடத்தைக் காட்டுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது பதினான்காம் எண். சிமெண்டுத் தரை, தலைக்கு மேல் ஒரு விளக்கு, கோழி வாட்ட ஒரு மேடை, பத்தடி தள்ளித் தண்ணீர்க் குழாய். கழிப்பறைக்குப் போகும் பாதையில் கைப்பிடிக் கம்பி, பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கு மரமும், ஆற்றில் இறங்கும் இடத்தில் ஆழம் எழுதிய பலகை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெற்கே சுங்காயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த இடத்தை ‘ஹூத்தான் லிப்பூர்’ என்கிறார்கள். பொழுதுபோக்கக் காடு என்று சொல்லிக்கொள்ளலாம். காரைக்குடிப் பக்கம் பிறந்த எனக்குக் காடு என்றால் கருவேலங்காடு. அங்கே யாரும் பொழுதுபோக்கப் போவதில்லை. விறகுக்குப் போவார்கள், வெளியே சொல்லக் கூச்சப்படும் வேறு காரியத்துக்கும் போவார்கள். ஈப்போவில் நல்ல வீடு இருக்கும்போது எதற்காக இங்கே வந்து தரையில் படுக்க வேண்டும் என்று என் கணவர் சரவணனைக் கேட்டேன். “நாங்க தோட்டத்துல பொறந்ததுலேர்ந்து கேம்பிங்தான்லா” என்று சிரித்தார். அவர் பிறந்த ரப்பர் தோட்டம் அங்கிருந்து சில மைல் தூரத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. வரும் வழியில் அந்த இடத்தில் காரை மெதுவாக்கினார், நிறுத்தவில்லை.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. அன்று என் அப்பாவின் முதல் வருடத் திதி. காலையில் தலைக்குக் குளித்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை. இப்படி ஒரு நாளில் யாராவது கூடாரத்தோடு கிளம்புவார்களா என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். தப்பு என்னுடையதுதான். அப்பா இறந்த ஆங்கிலத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துவிட்டு, அதற்கு முந்தைய வாரம் வரும் பள்ளி விடுமுறைக்கு இடம் பதிவு செய்யச் சொன்னேன். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு காரைக்குடியிலிருந்து அண்ணன் அழைத்தார். “மீனா, சனிக்கிழமை அப்பாவுக்குத் திதி. இங்க நான் எல்லாம் பண்ணிருறேன். நீயும் ஒரு கைச் சோறு வச்சிரு” என்றார். அடுத்த வாரம் அல்லவா என்று கேட்டேன். “நீ தேதியப் பாத்திருப்ப” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டில் இருக்கிற நமக்குப் பிறையும் தெரிவதில்லை, பிரதமையும் தெரிவதில்லை. சம்பள நாள் தெரியும், பிள்ளைகளின் பரீட்சை தெரியும்.

“போக வேணாம்னா விட்டுருவோம், பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று சரவணன் சொன்னார். மாதக்கணக்கில் நாளை எண்ணிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் பார்த்தேன். ஈப்போவில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் அமாவாசைக்குச் சோறு வைத்தால் கை எடுப்பதற்குள் காகம் வந்துவிடும். ஊருக்குள்ளேயே இத்தனை இருந்தால் காட்டில் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அரிசி, பருப்பு, வாழைக்காய், நெய், எள், ஒரு முழு வாழையிலை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காகம் மனிதரை அண்டிப் பிழைக்கும் பறவை, நம்முடைய எச்சில் விழாத இடத்தில் அதற்கு வேலை இல்லை என்பதெல்லாம் அன்று வரை எனக்குத் தெரியாது.

ஒரு கைச் சோற்றுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். அதற்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீம்புக்குப் பேர் போனவர். வேலைக்காகக் கோலாலம்பூர் வந்த நான், ஈப்போக்காரரான, மின்சாரப் பராமரிப்பு வேலை பார்க்கும், அம்மாவும் அப்பாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்த்த ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, “கூலிக்குக் கப்பல் ஏறிப் போன கூட்டத்துலயா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நூறு வருடம் முன்பு ஏறிய கப்பலை அவர் மறக்கவே இல்லை. கல்யாணத்துக்கு அண்ணன்தான் வந்தார். அப்பா ஒரே ஒரு முறை, மகன் கவின் பிறந்தபோது, ஈப்போ வந்தார். ஐந்து நாள் இருந்தார். பேரனை மடியில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் வயிறு சரியில்லை என்று எழுந்துவிடுவார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சைவக் கடைக்குப் போக வேண்டும் என்பார். கடைச் சோறு ஒத்துக்கொள்ளும் வயிற்றுக்கு என் வீட்டுச் சோறு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சை உடம்புக்காரி நான், சமைத்து வைத்த பாத்திரத்தை மூடியபடி நிற்பேன். சரவணன்தான் மூன்று வேளையும் காரில் கூட்டிப் போய், கடைக்கு வெளியே காத்திருந்து, திரும்பக் கூட்டி வருவார். இன்று வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் வீட்டில் கை நனைக்காமலேயே அப்பா ஊருக்குப் போனார், அப்படியே செத்தும் போனார். அவர் மேல் எனக்கு இருந்த பிரியமும் கோபமும் இரண்டுமே இன்னும் தீரவில்லை.

கேஸ் அடுப்பில் சோறு வடித்தவர் சரவணன். நான் பருப்பும் பொரியலும் செய்தேன். ஆற்றங்கரைக்கு மேலே ஒரு தட்டைப் பாறையைக் கழுவி, இலையைப் போட்டு, சோற்றில் நெய் விட்டு எள் தூவி வைத்தேன். மணி பன்னிரண்டரை. மரங்களைப் பார்த்து “கா… கா…” என்று கூப்பிட்டேன். பக்கத்துக் கூடாரத்து மலாய்ப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவர்களும் “கா… கா…” என்று கத்தினார்கள். என் மகளும் சேர்ந்துகொண்டாள். எங்கேயோ உயரத்தில் இருவாய்ச்சி ஒன்று இரைச்சலோடு பறந்து போனது. காகம் ஒன்றுகூட இல்லை. வந்தது குரங்குகள்தான். சரவணன் கம்பெடுத்து விரட்டினார். “அங்க மணி இன்னும் பத்துதான்லா. ஐயரே வந்துருக்க மாட்டாரு. ஒங்கப்பா அங்க முடிச்சிட்டுத்தான இங்க வரணும்?” என்று என்னைத் தேற்றினார். பிறகு பசி தாங்காத பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கொடுத்து ஆற்றுக்குக் கூட்டிப் போனார்.

நான் தனியாக இலைக்குக் காவல் இருந்தபோது வனக் காவலர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், தொப்பி, இடுப்பில் வாக்கி டாக்கி. இலையைக் காட்டி, பலகையைக் காட்டினார். விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று அதில் குரங்குப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. என் அரைகுறை மலாயில் விளக்கினேன். இந்தச் சோறு விலங்குக்கு இல்லை, என் அப்பாவுக்கு, அவர் இன்னும் வரவில்லை என்றேன். அப்பா எங்கே என்று கேட்டார். நான் மரங்களின் பக்கம் கையை நீட்டினேன். அவர் முகம் மாறியது. என்ன வயது என்றார். எழுபத்தாறு என்றேன். தனியாகவா போனார்? தனியாகத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் துக்கம் கேட்க வருகிறவர்களும் இப்படித்தான் வயதைக் கேட்பார்கள், கூட யாராவது இருந்தார்களா என்று கேட்பார்கள். முன்பின் தெரியாத மனிதர் இவ்வளவு கரிசனமாக விசாரிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். சட்டை என்ன நிறம் என்று கேட்டபோது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது, ஆனாலும் வெள்ளை என்றேன். வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனபடி, கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள் என்றார். மூன்று வருடத்துக்கு முன்பு என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

ஈரத் துண்டோடு ஓடி வந்த சரவணன்தான் சரளமான மலாயில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். காவலர் தொப்பியைக் கழற்றினார். “மாஆஃப், காக்” என்றார். அக்கா, மன்னியுங்கள் என்று அர்த்தம். ஆனால் விதி விதிதான். ஒரு முறை சோறு கண்ட குரங்கு அடுத்த முறை கூடாரத்துக்குள் புகுந்து பிள்ளைகள் கையில் இருப்பதைப் பறிக்கும். சோற்றைக் காட்டிலும் விடக் கூடாது, ஆற்றிலும் கரைக்கக் கூடாது, யாராவது சாப்பிட வேண்டும், இல்லையென்றால் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்றார். அப்பா எப்போது வருவார் என்று என்னைக் கேட்டார். மூன்று மணி வரை பொறுங்கள் என்று சரவணன் கெஞ்சினார். அவர் திரும்பி நடந்தார். பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பாறைக்குப் பக்கத்தில் போட்டு, மடியில் பிரம்பை வைத்துக்கொண்டு குரங்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பெற்ற மகள் வீட்டு இலையில் உட்கார மறுத்த மனிதருக்காக ஒரு மலாய்க்காரர் காவல் இருந்தார்.

எனக்கு அன்று நம்பிக்கை இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. சாவதற்கு முந்தின வாரம் போனில் பேசியபோது, வழக்கம்போல் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, “மாப்பிள்ளை சாப்பிட்டாரா?” என்றார் அப்பா. அதுவரை சரவணனை அவர் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. நான் பதில் சொல்வதற்குள் பேச்சை மாற்றிவிட்டார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது வளையாத மனசு, போன பிறகாவது வளைந்திருக்காதா? சாதி கேட்கவும் ஊர் பார்க்கவும் காகத்துக்குத் தெரியுமா? அப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு மரக்கிளைகளைப் பார்த்தபடி இருந்தேன். கழுத்து வலித்தது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் வீடியோ அனுப்பினார். ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் அது இறங்கவே நேரமாயிற்று. எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். இலை வைத்த அண்ணன் இரண்டடி பின்னால் நகர்வதற்குள் ஒரு காகம் இறங்கியது, பிறகு நாலு, பிறகு ஒரு கூட்டம். “பாருங்க, மாமா வந்துட்டாக” என்று அண்ணியின் குரல். வெயிலில் இலை பளபளத்தது. இரண்டு முறை பார்த்தேன். சரவணன் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “சாப்பிட்டாருல்ல. அது போதும்லா” என்றார். போதவில்லை. எனக்குப் போதவே இல்லை. மகன் வீட்டில் ஓடி வந்து சாப்பிட்டார், என் வீட்டுச் சோற்றுக்கு அன்றும் வயிறு சரியில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். காவலர் எழுந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்க்காமல் நின்றார். ரோந்துக்குப் போக வேண்டிய நேரம் தாண்டியிருக்க வேண்டும்.

“தாப்பாவ் பண்ணிக் கொண்டு போயிருவோம். ஈப்போவுல பின்சுவத்துல வச்சிருவோம்” என்றார் சரவணன். பொட்டலம் கட்டி எடுத்துப் போவதை இங்கே அப்படிச் சொல்வார்கள். இரண்டு மணி நேரப் பயணம். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும், சோறும் ஊசிப்போயிருக்கும். தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. அதன் மூடியில் பாதி தின்ற கோழிக்கால் ஒன்று கிடந்தது. நான் பாறையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஏறியிருந்த எறும்புகளைத் தட்டிவிட்டேன். சோற்றைப் பிசைந்தேன்.

“மீனா, காக்காவுக்கு வச்சத நாம சாப்பிடக் கூடாதுல்ல?”

“தெரியும்.”

ஒரு கவளத்தை வாயில் போட்டேன். எள் பல்லில் கடிபட்டது. சரவணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, இலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கவளம் எடுத்தார். அவர் வடித்த சோறு. ஒன்பது வருடம் முன்பு கடை வாசலில் காத்திருந்தபோது அவர் சாப்பிட்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அன்றும் கேட்க வாய் வரவில்லை. காவலர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போனார்.

முடிக்கும் நேரத்தில் அண்ணன் அழைத்தார். “பாத்தியா மீனா? கைய எடுக்கலை, வந்து நிக்கிறாரு.”

“பாத்தேண்ணே.”

“அங்க?” என்றார் அண்ணன்.

சரவணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எடுத்துச்சுண்ணே” என்றேன். “இலைல ஒரு பருக்கை இல்ல.”

அந்தப் பக்கம் அண்ணன் அழுவது கேட்டது. “உன் சோத்தச் சாப்பிட்டுட்டாருல்ல? சாப்பிட்டுட்டாருல்ல?” என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். இத்தனை வருடம் அவரும் இதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. காரைக்குடியில் மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும், பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அண்ணன் அங்கே இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார்: “அப்பா மலேசியாவுலயும் போயிச் சாப்பிட்டாராம். மீனா வீட்டுல.” யாரோ “அப்படியா!” என்றார்கள். யாரோ “பின்ன, பெத்த பொண்ணுல்ல?” என்றார்கள். சோறு காய்ந்த கையோடு நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.