ஓ.எஸ். ஏறிய நாளில் தண்ணீர் ஏறவில்லை

"கரன்ட் வருதான்னு மொதல்ல பாத்தீங்களா?"

கடத்தூரில் என் கடைக்கு மோட்டார் தூக்கி வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் விசாரித்துப் பாருங்கள் — நான் செம்புக்கம்பி சுற்றி காயில் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததாக ஒருத்தர் சொல்ல மாட்டார்.

அப்படிப்பட்டவனை போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் உட்கார வைத்துவிட்டது.

எங்கள் மகள் கன்னியாஸ்திரி. ஜார்க்கண்டில் ஒரு மடத்துப் பள்ளியில் டீச்சர். ஞாயிறு காலையில்தான் வீடியோ காலில் வருவாள். போன மாதம் மலேரியா வந்து படுத்துவிட்டாள். "சரியாயிடுச்சும்மா" என்று போனில் சொல்கிறாள். என் மனைவி மேரி நம்பவில்லை.

"கொரலு பொய் சொல்லும்ங்க. மொகத்த பாத்தாத்தான் எளச்சிருக்காளான்னு தெரியும்."

போனிலேயே முகத்தைப் பார்க்கலாமே? மேரிக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தச் சின்னத் திரையில் மகள் முகம் மங்கல்தான். கம்ப்யூட்டரின் பெரிய திரை வேண்டும். அதுவோ பழசு — புது ஓ.எஸ். போட்டால்தான் வீடியோ கால் வரும் என்று அடம் பிடித்தது.

கடையில் கொடுத்திருக்கலாம். ஆனால் நான் யார்? யூடியூபில் பார்த்தேன், பென் டிரைவில் ஏற்றினேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்டாலை அமுக்கினேன். சதவீதம் மெல்ல ஏறியது. எவ்வளவு நேரம் அதையே பார்ப்பது? டீக்கடைக்குப் போய், "என் கம்ப்யூட்டருக்கு நானே ஓ.எஸ். போடறேன்" என்று நாலு பேர் காதில் போட்டுவிட்டு வந்தேன்.

திரை கறுப்பு! பட்டனை அமுக்கினால், ஓ.எஸ். எதுவுமே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

சனிக்கிழமை காலை ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். வேறு பென் டிரைவ் வாங்கினேன். மறுபடி இன்ஸ்டால்... மறுபடி டீக்கடை... மறுபடி கறுப்பு.

தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நடுவுல கரன்ட் கிரன்ட் கட் ஆச்சுங்களா?"

"யார்கிட்ட கேக்கற தம்பி? கரன்ட்லயே பொழைக்கறவன் நான்! கட் ஆனா எனக்குத் தெரியாதா?"

ஞாயிறு காலை. மகள் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை நகர்வதில்லை என்று திரைமுன் உட்கார்ந்தேன். பாதி தாண்டியது. கொல்லைப் பக்கமிருந்து மேரி வந்தாள். வாசலோரம் இருக்கும் போர்டில் கை வைத்தாள். ஃபேன் நின்றது. திரை அணைந்தது.

"ஏய் மேரி! என்ன பண்ற?"

"டேங்க்குல தண்ணி இல்லீங்க, மோட்டார் போடறேன். வூட்டு லைன அமத்திட்டுத்தான் போடணும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன்தான். எங்கள் தெருவில் வோல்டேஜ் கம்மி. கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம் — மோட்டார் ஓடும்போது வீட்டில் வேறு எதுவும் ஓடக்கூடாது. தண்ணீர் ஏறியதும் லைனைத் திரும்பப் போட்டுவிடுவாள். ஒருநாள்கூட அவள் மீறியதில்லை. சட்டம் போட்டவன்தான் மறந்துவிட்டேன். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான், இல்லையா? சொல்கிறவனுக்கு ஒருநாள் வேலை... செய்கிறவளுக்கு ஆயுசு முழுக்க.

மேரி அணைந்த திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப ரெண்டு நாளா நான்தான் கெடுத்தேனா? புள்ளய இன்னைக்குப் பாக்க முடியாதா?"

"இன்னும் நேரம் இருக்குது. உக்காரு."

"அவகிட்ட சொல்லிராதீங்க..."

மோட்டார் அப்புறம் என்று வீட்டு லைனைப் போட்டு, மறுபடி இன்ஸ்டாலை அமுக்கினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. குளிக்கவில்லை, உலை வைக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி அந்தச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடைப் பக்கம் நானும் போகவில்லை.

ஏறிவிட்டது!

மகள் வந்தாள். திரை முழுக்க அவள் முகம். மேரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் எளச்சுத்தான் போயிட்ட கண்ணு... ஆனா மொகம் தெளிஞ்சிருக்குது." அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன். நீ ஏன் தலகூட சீவாம உக்காந்திருக்க?"

"குளிக்கல கண்ணு. தண்ணி இல்ல..."

"மோட்டார் ரிப்பேரா? எங்கப்பா வூட்லயா?" — விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாம்மா. ரிப்பேருதான்" என்றேன்.

காயில் கட்டியே தலை நரைத்தவன் நான். என் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று இந்த வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

மோட்டார் நன்றாகத்தான் இருந்தது!